‘வெறும்’ என்று எழுதிய மூன்று குடுவைகள்

1

இந்தக் கதை ஒரு காலரிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் சட்டையின் காலர். மடிப்பில் நைந்து நூல் தெரிய ஆரம்பித்திருந்தது. பிரித்துத் திருப்பி வைத்துத் தைத்தால் இன்னும் ஒரு வருஷம் ஓடுமே என்று தெருமுனைத் தையற்காரரிடம் கொண்டுபோனேன். துணி வெட்டும் மேசைமேல், டியூப்லைட்டுக்கு நேர் கீழே, பன்னிரண்டு கண்ணாடிக் குடுவைகள் நின்றன. வாயில் பஞ்சு அடைத்திருந்தது. உள்ளே பச்சைத் தண்ணீர். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு குட்டிக் காலர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, முனை கூராக்கி, பொத்தான் வைத்து, காஜா எடுத்துத் தைத்த அசல் காலர்.

நான் எழுதுகிறவன். இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டுச் சும்மா வீட்டுக்குப் போகிற ஆள் இல்லை. “இதென்ன?” என்று வாயைக் கொடுத்தேன். தையற்காரர் பாதி சொன்னார். மீதியை நானே எழுதிக்கொண்டேன். எழுதியதை அவரிடம் படிக்கக் கொடுத்தது தப்பாகப் போயிற்று. அவர் அதைத் தன் மனைவியிடம் கொடுத்துவிட்டார். மனைவி கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவர். விடைத்தாள் திருத்தித் திருத்திக் கை பழகியவர். என் தாள்கள் சிவப்பு மையோடு திரும்பி வந்தன.

அந்தச் சிவப்பை அங்கங்கே அப்படியே விட்டிருக்கிறேன். சதுர அடைப்புக்குள் இருப்பது டீச்சர் எழுதியது. வட்ட அடைப்புக்குள் புலம்புவது நான்.

2

விஷயத்தைச் சொல்லாமல் கதையைச் சொல்ல முடியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செடிகளுக்குள் ஆக்சின் என்று ஒரு வளர்ச்சி ஹார்மோன் சுரக்கிறது. தண்டு வெளிச்சத்தைப் பார்த்து வளைவது அதனால். வெட்டி நட்ட குச்சி வேர் விடுவதும் அதனால். தெருவே ‘பாசி டீச்சர்’ என்று கூப்பிடும் நம் டீச்சருக்கு மூன்று வருஷமாக ஒரே கேள்வி. தண்டு இல்லை, வேர் இல்லை, இலை இல்லை. ஒற்றைச் செல்லாகத் தண்ணீரில் மிதக்கிறது பச்சைப்பாசி. அதற்கு இந்த ஹார்மோனை ஊற்றினால் என்ன ஆகும்?

(இந்த இடத்தில் ‘ஆள் இல்லாத வீட்டுக்கு வந்த கடிதம் போல’ என்று எழுதியிருந்தேன். எழுதிவிட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன்.)

[பாசியும் தன் பங்குக்குக் கொஞ்சம் ஆக்சின் சுரக்கும். வீட்டில் ஆள் இருக்கிறது. உவமையை எடுங்கள்.]

எடுத்துவிட்டேன்.

டீச்சரின் கணிப்பு இது: துளியளவு ஊற்றினால் பாசி வேகமாகப் பெருகும், அளவு மீறினால் அடங்கிப்போகும். அதைப் பார்க்கத்தான் பன்னிரண்டு குடுவைகள், நான்கு வரிசையாக, வரிசைக்கு மூன்று. கழுத்தில் ஒட்டிய தாளில் தன் கையெழுத்தில் எழுதியிருந்தார்: ‘வெறும்’, ‘கொஞ்சம்’, ‘நடு’, ‘அதிகம்’. ‘வெறும்’ வரிசைக்கு ஹார்மோன் கிடையாது. மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டுமே, அதற்காக நிற்பது.

[‘வெறும்’ கூட முழுக்க வெறும் அல்ல. ஆக்சினைக் கரைக்க ஒரு சொட்டு ஸ்பிரிட் வேண்டும். அந்த ஒரு சொட்டை ‘வெறும்’ வரிசைக்கும் விடுவோம். ஹார்மோனைத் தவிர வேறு எந்த வித்தியாசமும் இருக்கக் கூடாது.]

கடைசி வாக்கியத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையின் தலையெழுத்தே அதில்தான் இருக்கிறது.

கல்லூரி ஆய்வகத்தின் கூரை ஒழுகியது. கொத்தனார்கள் வந்து சாரம் கட்டிவிட்டார்கள். டீச்சர் குடுவைகளை வீட்டுக்குத் தூக்கிவந்தார். வீட்டில் நல்ல வெளிச்சம் உள்ள இடம் முன்பக்கத்துத் தையற்கடை. குடுவைகளை அடுக்கிய மறுநாளே வெளியூரில் விடைத்தாள் திருத்தும் வேலை வந்தது. எட்டு நாள். மாட்டேன் என்று சொல்ல முடியாத உத்தரவு.

“காலை, மதியம், சாயங்காலம், மூணு வேளையும் ஒவ்வொண்ணையும் இருபது சுத்து சுத்தணும்” என்றார் புருஷனிடம். “பாசி அடியில உக்காந்துடும், கிளப்பிவிட்டாத்தான் காத்தும் வெளிச்சமும் கிடைக்கும். தினமும் வரிசைய இடம் மாத்துங்க. ஓரத்துல இருக்கறது நடுவுக்கு வரணும். பஞ்ச மட்டும் தொடாதீங்க.”

“பட்டன் தைக்கறவனுக்கு இருபது எண்ணத் தெரியாதா? நீ நிம்மதியா போயிட்டு வாம்மா.”

3

இனிமேல்தான் கதை. ஆரம்பத்தை டீச்சர் வழியிலேயே மூன்று அளவில் எழுதிப் பார்த்தேன். இங்கே ஊற்றியது உணர்ச்சி.

கொஞ்சம்: ஒரு தையற்காரர் எட்டு நாள் பாசி வளர்த்தார்.

நடு: மனைவியை பஸ் ஏற்றிவிட்டுக் கடைக்குத் திரும்பிய தையற்காரர், குடுவைகள் முன்னால் நின்று, தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டார்.

அதிகம்: நான்கு பிள்ளைகளில் மூவரைப் படிக்கவைத்துவிட்டுத் தன்னை மட்டும் மெஷினில் உட்காரவைத்த அப்பாவின் முகம் அந்த ‘வெறும்’ என்ற எழுத்தில் தெரிய, கண்கள் குளமாகி, நெஞ்சு விம்மி, அந்தக் குடுவையை மார்போடு அணைத்து —

[இவருக்கு அண்ணன் தம்பி யாரும் கிடையாது, ஒரே பிள்ளை. பத்தாவதுக்கு மேல் பிடிக்கவில்லை என்று அவராகத்தான் நின்றார். மார்போடு அணைத்தால் பஞ்சு கழன்றுவிடும்.]

பார்த்தீர்களா, அளவு மீறினால் அடங்கிப்போகிறது. நடுவையே எடுத்துக்கொள்கிறேன்.

கையைத் துடைத்துக்கொண்டார். முதல் நாள் எல்லாம் சட்டப்படி நடந்தது. பன்னிரண்டுக்கும் இருபது சுற்று, கூடவும் இல்லை குறையவும் இல்லை. இரண்டாம் நாள் பள்ளிச் சீருடை தைக்க வந்த ஒரு பெண்மணி, “என்னங்க இது, ஜூஸா?” என்று கேட்டார். தையற்காரருக்கு ஒரே பெருமை. டேப்பைக் கழுத்தில் போட்டபடி வரிசை வரிசையாக விளக்கினார்.

“அப்ப இந்த மூணுக்கு?” என்று அந்த அம்மாள் ‘வெறும்’ வரிசையைக் காட்டினார்.

“அதுக்கு ஒண்ணும் கிடையாது. ஒப்பிட்டுப் பாக்க வெச்சிருக்கா.”

“அட பாவமே” என்று சொல்லிவிட்டு அவர் அளவு கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த ‘அட பாவமே’ கடையிலேயே தங்கிவிட்டது.

அன்று சாயங்காலம் ‘வெறும்’ வரிசைக்கு ஐந்து சுற்று கூடப் போட்டார். ஐந்துதானே. மறுநாள் அது பத்தாயிற்று. நான்காம் நாள் காஜா எடுப்பதற்கு நடுவே கை சும்மா இருந்த நேரமெல்லாம் ஒரு ‘வெறும்’ குடுவை அந்தக் கையில் இருந்தது. இடம் மாற்றும்போது, நடுவில் நின்ற அந்த வரிசை ஓரத்துக்குப் போகவேண்டிய முறை வந்தது. “இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டும்” என்று விட்டார். அந்த ஒரு நாள் கடைசி வரைக்கும் முடியவில்லை. ஆறாம் நாள் பேச்சுக்கொடுக்கவும் ஆரம்பித்துவிட்டார். “வெளிச்சம் போதுமா? கண்ண கூசுதா?” என்று கேட்டிருக்கிறார். மெஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியம்.

இவரை நம்பலாமா என்று எனக்கே இந்த இடத்தில் சந்தேகம் வந்தது. நாற்பத்தாறு வயது மனிதர், பாசியிடம் கண் கூசுகிறதா என்று கேட்பாரா? நேராகவே கேட்டுவிட்டேன், ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று. வாயில் இருந்த குண்டூசியை எடுத்துவிட்டுச் சொன்னார்:

“எல்லாத்துக்கும் ஏதோ ஊத்தியிருக்கா சார். இதுக்கு மட்டும் ஒண்ணும் ஊத்தல. மனசு கேக்கல. அவ்வளவுதான்.”

நான் மூன்று பக்கம் எழுதிவைத்திருந்த காரணங்களைக் கிழித்துப் போட்டேன்.

4

ஒன்பதாம் நாள் டீச்சர் திரும்பி வந்தார். பையைக்கூட வைக்காமல் மேசைக்குப் போனார். ‘வெறும்’ வரிசையும் கரும்பச்சையாக நின்றது. முகத்தில் ஈயாடவில்லை. கண்ணுக்குத் தெரிவதை வைத்து எதையும் சொல்லக்கூடாது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, குடுவைகளைக் கல்லூரிக்குக் கொண்டுபோய், நுண்ணோக்கியில் சொட்டுச் சொட்டாக வைத்து, கட்டம் கட்டமாக எண்ணினார். பகல் முழுக்க எண்ணினார். கட்டத்துக்கு இத்தனை செல் என்று சராசரி வந்தது. ‘வெறும்’ அறுபத்தொன்று. ‘கொஞ்சம்’ ஐம்பத்தெட்டு. ‘நடு’ அறுபது. ‘அதிகம்’ பத்தொன்பது.

“ஊத்தினாலும் ஒண்ணுதான், ஊத்தாட்டியும் ஒண்ணுதான்” என்றார் வீட்டுக்கு வந்து. “அதிகமா ஊத்தினா வளரவே மாட்டேங்குது. இதக் கண்டுபிடிக்க மூணு வருஷம். நான் என்னங்க பண்ணிட்டிருந்தேன்?”

தையற்காரர் மெஷினுக்கு நூல் கோக்கப் போனார். கூடுதலாகச் சுற்றினால் பாசி கூடுதலாக வளரும் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியாது. தெரியாது என்று முழுக்கச் சொல்லவும் முடியாது. ‘கிளப்பிவிட்டாத்தான் காத்தும் வெளிச்சமும் கிடைக்கும்’ என்று சொல்லிவிட்டுத்தானே போனார் மனைவி. ஐந்தாம் நாளிலிருந்து அந்த மூன்றும் தளதளவென்று வருவதைப் பார்த்து உள்ளுக்குள் குதூகலித்தவர் அவர். அன்றைக்கும் மறுநாளும் தைத்த சட்டைகளில் ஒன்றுக்கு இரண்டு கையும் இடது கையாக அமைந்துவிட்டது.

[அந்தச் சட்டையை எனக்குக் காட்டவே இல்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.]

5

டீச்சரின் முனைவர் பட்ட ஆய்வுக்கான பதிவுக் காலம் முடிய இன்னும் நாற்பது நாள்தான் இருந்தது. நீட்டிப்பு ஏற்கெனவே இரண்டு முறை வாங்கியாயிற்று. ஊரிலிருந்து வந்த மூன்றாம் நாள் சாயங்காலம், கடை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஆய்வுக்கு வழிகாட்டும் கைடு அம்மாவுக்கு ஃபோனில் கடிதம் அடித்துக்கொண்டிருந்தார். ஆய்வை இத்தோடு விட்டுவிடுகிறேன் என்ற கடிதம். உள்ளே தையற்காரர் ஒரு பேன்ட்டின் ஓரம் மடித்துக்கொண்டிருந்தார்.

(இதை மழை நாளாக வைக்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம். சாதாரண சாயங்காலம். எதிர்க் கடையில் யாரோ ஷட்டருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்கள்.)

“என்னங்க, ‘தனிப்பட்ட காரணங்களால’ன்னு போடவா, ‘குடும்பக் காரணங்களால’ன்னு போடவா? எது மரியாதையா இருக்கும்?”

மெஷின் நின்றது.

“குடும்பக் காரணம்னே போடும்மா.”

“ஏன்?”

“நான்தான் காரணம்.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். ஐந்து சுற்றிலிருந்து, நடுவில் விட்ட இடம் வரைக்கும், கண் கூசுகிறதா வரைக்கும். சொல்லும்போது பேன்ட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். அந்த ஓரம் அன்றைக்கு நாலு முறை மடிக்கப்பட்டது.

6

இப்போது டீச்சர் என்ன செய்தார்?

நான் எழுதிய முதல் முடிவில் டீச்சர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். கணவரின் தலையில் ஒரு குட்டு வைக்கிறார். இருவரும் காபி குடிக்கிறார்கள். எழுதி முடித்ததும் எனக்கே கூசியது. மூன்று வருஷ உழைப்பைக் குட்டோடு முடிப்பதா?

இரண்டாவது முடிவில் அழுகிறார். “உங்கள நம்பித்தானே விட்டுட்டுப் போனேன்” என்கிறார். குடுவை ஒன்று கை தவறி —

[எந்தக் குடுவையும் உடையவில்லை. நான் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. “ஒரு வேளைக்கு எத்தனை சுற்று கூட?” என்று கேட்டேன். நோட்டுப் புத்தகத்தை எடுத்துவந்தேன்.]

அப்படித்தான் நடந்திருக்கிறது. தையற்காரரும் ஒப்புக்கொண்டார். டீச்சர் பேனாவைத் திறந்து, ஒரு புதுப் பக்கத்தில் கோடு போட்டு, நாள் வாரியாகக் கேட்டிருக்கிறார்.

“மூணாம் நாள்?”

“முப்பது இருக்கும்.”

“அஞ்சாம் நாள்?”

“அன்னிக்கு வேலை கம்மி. எண்ணல. நூறுக்கு மேல இருக்கும்.”

“மத்த வரிசைக்கு?”

“நீ சொன்ன இருபது. அதுல ஒண்ணு குறையலம்மா. சத்தியமா.”

எழுதி முடித்து, பேனாவை மூடி, ஃபோனில் இருந்த கடிதத்தை அழித்துவிட்டு உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான்.

எனக்கு அது போதவில்லை. ஒரு பாத்திரம் இத்தனை அமைதியாக இருந்தால் வாசகர்கள் நம்பமாட்டார்கள் என்று தாளின் ஓரத்தில் குறித்து அனுப்பினேன். பதில் வந்தது.

[அமைதி என்று யார் சொன்னது? இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அதையும் எழுதுங்கள், கதைக்காக என்னை நல்லவளாக்க வேண்டாம். முதல் நாள் கோபம். இரண்டாம் நாள் என்னவென்று யோசித்துப் பார்த்தேன், அது பொறாமை. எட்டு நாளில் ஒருமுறைகூட எனக்கு ஃபோன் செய்து ‘சாப்பிட்டியா’ என்று கேட்கவில்லை இந்த மனிதர். குடுவையிடம் கண் கூசுகிறதா என்று கேட்டிருக்கிறார்.]

இதன் கீழே, வேறு கையெழுத்தில், பென்சிலில் ஒரு வரி இருந்தது. துணியில் சாக்பீஸால் குறிப்பவரின் பெரிய பெரிய எழுத்து. ‘வேலையில் இருப்பாள், தொந்தரவு செய்யக் கூடாது என்று இருந்தேன்.’

அந்த வரியை டீச்சர் திருத்தவில்லை. சிவப்பு மையால் அடியில் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார். நல்ல பதிலுக்குப் போடுவார்களே, அந்தக் கோடு.

7

மூன்றாம் நாள் காலையில் டீச்சர் ஒரு காலிக் குடுவையைக் கொண்டுவந்து தையல் மெஷின்மேல் வைத்தார்.

“கழுத்துச் சுற்றளவு எடுத்துக்கோங்க. பன்னெண்டு காலர் வேணும். ஒட்டின பேர் வெளிய தெரியக் கூடாது. குடுவை உடம்ப மறைக்கவும் கூடாது, வெளிச்சம் போகணும்.”

இரண்டு நாளைக்குப் பிறகு கேட்ட முதல் பேச்சு. தையற்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஏன், எதற்கு என்று கேட்காமல் டேப்பை எடுத்தார். ஒரு அமைச்சருக்குச் சட்டை தைப்பதுபோல அளந்தார் என்று எழுதினால் டீச்சர் அடித்துவிடுவார். ஆகவே, இரண்டு முறை அளந்தார் என்று மட்டும் சொல்கிறேன்.

“எனக்கு ‘கொஞ்சம்’ ஜெயிக்கணும்னு ஆசை” என்றார் டீச்சர். “உங்களுக்கு ‘வெறும்’ பாவம். நம்ம ரெண்டு பேரையுமே நம்ப முடியாது. எது எதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியக் கூடாது.”

புதிதாகப் பன்னிரண்டு குடுவைகள் தயாராயின. டீச்சர் ஹார்மோனை ஊற்றினார். கைடு அம்மா ஒரு தனி அறையில் காலர்களை மாட்டி, கலைத்து அடுக்கி, காலர்மேல் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை எண் போட்டார். எந்த எண் எந்த வரிசை என்ற பட்டியல் அவர் மேசை இழுப்பறையில் பூட்டிக் கிடக்கிறது.

அப்போதும் ஒரு சிக்கல் இருந்தது. பெயர் தெரியாவிட்டாலும் நிறம் தெரியுமே. வெளுத்து நிற்பதைப் பார்த்தால் இவருக்கு மறுபடி மனசு கேட்காது. அதற்கும் டீச்சர் வழி வைத்திருந்தார். கோட்டுக்கு உள்துணி வைத்ததில் மிஞ்சிய கறுப்புத் துண்டை மடித்து, சுற்றும் நேரத்துக்கு மட்டும் புருஷனின் கண்ணில் கட்டிவிட்டார்.

8

புதுக் குடுவைகளுக்கு எட்டாம் நாளான இன்று மதியம் என் சட்டையை வாங்கப் போனேன். நாளைக் காலை பத்து மணிக்கு இழுப்பறை திறக்கும். இந்தக் கதையோ இன்று மாலைக்குள் பத்திரிகைக்குப் போயாக வேண்டும். முடிவை நாளைக்கு எழுதித் தருகிறேன் என்றால் ஆசிரியர் கேட்கமாட்டார். முடிவை இன்றே கற்பனை செய்துவிடுகிறேன் என்றால் டீச்சர் கேட்கமாட்டார்.

[எண்ணாமல் எழுதக் கூடாது.]

(‘கொஞ்சம்’ இரட்டிப்பாக வளர்ந்து நின்றது, டீச்சர் ஓடிவந்து — விட்டுவிட்டேன். ‘வெறும்’ இந்த முறையும் — அதையும் விட்டுவிட்டேன்.)

ஆகவே நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். தையற்காரர் கண்ணில் கறுப்புத் துணியோடு மேசைக்கு இந்தப் பக்கம் நின்றார். அந்தப் பக்கம் டீச்சர். ஒரு குடுவையை எடுத்து அவர் கையில் கொடுப்பார். அவர் சுற்றுவார். டீச்சர் வாய்விட்டு எண்ணுவார். இருபது வந்ததும் வாங்கி வைத்துவிட்டு அடுத்ததைக் கொடுப்பார். துணி வாங்க வந்த ஒருவர் வாசலிலேயே நின்றுவிட்டார். யாரும் அவரைக் கவனிக்கவில்லை.

சுற்றி முடித்ததும், டீச்சர் உள்ளே போன நேரம் பார்த்து, மெதுவாகக் கேட்டேன்.

“எது ஜெயிக்கணும்னு நினைக்கறீங்க?”

கண்கட்டைக் கழற்றாமலே சொன்னார். “அவ ஜெயிக்கணும் சார். அதுல என்ன சந்தேகம்? ஆனா ‘வெறும்’ ரொம்பத் தோத்துடக் கூடாது.”

“இப்பத்தான் எதுன்னே தெரியாதே. கஷ்டமா இல்லையா?”

“முதல் நாள் கஷ்டமா இருந்துச்சு. எத எடுத்தாலும் இது அதுவா இருக்குமோன்னு தோணும். அப்புறம் விட்டுட்டேன். கையில வர்ற ஒவ்வொண்ணும் அதுதான்னு நினைச்சே சுத்தறேன். பன்னெண்டும் எனக்கு ‘வெறும்’தான் சார்.”

உள்ளிருந்து டீச்சர் குரல் வந்தது. “என்னங்க, சாப்பிட்டீங்களா?”

“இல்லம்மா. நீ?”

அங்கே நான் இருக்கத் தேவையில்லை என்று பட்டது. சட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். காலர் புதுசு மாதிரி இருந்தது.

முடிவு என்னிடம் இல்லை. நீங்கள் இதைப் படிக்கும்போது இழுப்பறை திறந்திருக்கும். அறுபத்தொன்றா, நூற்று இருபதா, எனக்குத் தெரியாமலே கதை உங்களிடம் வந்துவிட்டது. நாளைக் காலைக்கு முன்னால் இன்னும் ஒரு வேளைச் சுற்று பாக்கி இருக்கிறது, இன்று சாயங்காலத்தது. டீச்சர் சம்மதித்தால் ஒரு குடுவையை, ஏழாம் எண்ணை, உங்கள் கையில் தருகிறேன்.

[சம்மதம். ஆனால் கண்ணைக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள்.]

கட்டிக்கொண்டீர்களா? இதற்கு எதுவும் கிடைத்ததா, கிடைக்கவில்லையா, உங்களுக்குத் தெரியாது. பஞ்சைத் தொடாதீர்கள். அடியில் உட்கார்ந்திருப்பதை மெதுவாகக் கிளப்பிவிடுங்கள். இருபது வரைக்கும் எண்ணுங்கள். இருபதில் நிறுத்துவதுதான் கஷ்டம், நிறுத்திவிடுங்கள்.